எந்தத் துண்டு துப்பாக்கி?

2025 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் 28ஆம் திகதி வரை, வெம்பிளி உட்பட இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து எங்கும் பொலிஸார் மக்களிடமிருந்து ஒரு பொருளைக் கேட்டு வாங்கினார்கள். துருக்கியில் தயாராகும், வெற்றுத் தோட்டா வெடிக்கும் கைத்துப்பாக்கி அது. ரெட்டே, எகோல், சியோனிக், ப்ளோ என்ற நான்கு பெயர்களில் விற்பனையானது. சத்தம் எழுப்புவதற்கு மட்டுமே செய்யப்பட்டதால் அதிலிருந்து குண்டு எதுவும் வெளியே பாயாது. பாதிக்கு மேல் பளிச்சென்ற நீலமோ ஆரஞ்சோ பூசியிருந்தால், 18 வயது நிரம்பிய எவரும் அனுமதிப்பத்திரம் இல்லாமலே அதை வாங்கலாம் என்பதுதான் அதுவரை இருந்த நிலை.

அந்த நான்கு வாரங்கள் முடிந்த பிறகு அதே பொருளை வீட்டில் வைத்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறை. உலோகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தேசிய குற்றத் தடுப்பு முகமையும் பொலிஸாரும் நடத்திய சோதனைகளில், அதை உண்மையான துப்பாக்கியாக மாற்றுவது எளிது என்று தெரியவந்ததுதான் காரணம். பிரித்தானியாவின் 1982ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இதற்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. மாற்றுகிறவருக்குத் தனித்திறமை எதுவும் தேவைப்படக்கூடாது. வீட்டைப் பழுதுபார்க்கச் சாதாரணமாக மக்கள் வைத்திருக்கும் கருவிகளே போதுமானவையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால், போலித் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் உண்மைத் துப்பாக்கிதான். 2010இல் ஒலிம்பிக் என்ற பெயர்கொண்ட ஒரு வெற்றுத் தோட்டாத் துப்பாக்கிக்கும் இதே முடிவு நேர்ந்தது.

ஆக, ஒரு பொருளை எந்தக் கட்டத்திலிருந்து துப்பாக்கி என்று அழைப்பது? முழுமையான துப்பாக்கியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. பிரித்துப் போட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. மேசைமேல் ஒரு குழல், ஒரு கட்டை, ஒரு விசை, சில சுருள்வில்கள், ஒரு திருகாணி. இவற்றில் எதை வைத்திருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பவர் ஆகிறார்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. பதில் மாறும்போது, ஒரே குழல் ஓரிடத்தில் கடைச்சரக்காகவும் இன்னோரிடத்தில் சிறைக்கு அனுப்பும் பொருளாகவும் ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்வி பிறந்த இடங்களில் ஒன்று வெம்பிளிக்கு வடகிழக்கே, லீ ஆற்றங்கரையில் இருக்கிறது. என்ஃபீல்ட் லொக். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரித்தானியத் துப்பாக்கிகளின் ஒவ்வொரு பாகமும் கைவினைஞர் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியது. ஒன்றின் பூட்டு மற்றொன்றில் உட்காராது. தன் துப்பாக்கியை விட்டுப் பிரிந்த பாகம் அநேகமாகப் பழைய இரும்புதான். 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு, அமெரிக்காவின் வெர்மொண்டிலிருந்து ரொபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் ஆறு ரைஃபிள்களைக் கொண்டுவந்தது. எதன் பாகத்தையும் எதிலும் மாற்றிப் பொருத்தலாம். பிரித்தானிய அரசு 1854இல் ஒரு குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பி, அந்த இயந்திரங்களை விலைக்கு வாங்கியது. 1850களின் இறுதியில் என்ஃபீல்ட் ஆலையில், 1853ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளின் பாகங்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் வெளிவரத் தொடங்கின. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த தோட்டா இந்த ரைஃபிளுக்கானதுதான்.

பாகங்கள் ஒரே அளவானதும் அவை தனிச் சரக்காயின. 1890களில் ரெடிச் நகரத்து மிதிவண்டித் தயாரிப்பாளர்களுக்கு என்ஃபீல்ட் ஆலையிலிருந்து ரைஃபிள் பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் அவர்கள் தங்கள் வண்டிக்கு ரோயல் என்ஃபீல்ட் என்று பெயர் சூட்டினார்கள். துப்பாக்கிபோல் செய்யப்பட்டது என்பதை விளம்பர வாசகமாக்கினார்கள். 1955இல் அதே பெயர்கொண்ட மோட்டார் சைக்கிள் சென்னைக்கு வந்து, பின்னர் திருவொற்றியூர் ஆலையில் ‘புல்லட்’டாக உருவாகி, தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் ஓடுகிறது. அதன் பெயருக்குப் பின்னால் இருப்பது துப்பாக்கிப் பாகங்களுக்கான ஒரு கொள்முதல் ஆணை.

பிரித்தானியாவின் அடிப்படைச் சட்டம் 1968இல் வந்தது. உயிர்போக்கும் ஆற்றலுள்ள குழல் ஆயுதத்தை மட்டுமல்லாமல், அதன் பாகங்களையும், ஓசையையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைப்பொருளையும் அது துப்பாக்கி என்றே கணக்கிட்டது. எவை பாகங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கும் முன்பே, 1952இல், ரைஃபிளில் மாட்டும் தொலைநோக்கி அதன் பாகம் அல்ல என்று ஒரு வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மற்றவை பற்றிய குழப்பம் அரை நூற்றாண்டு நீடித்தது. ஒரு திருகாணியும் பாகமா என்று வழக்கறிஞர்கள் வாதாடக்கூடிய நிலை. 2015 டிசம்பரில் இங்கிலாந்தின் சட்ட ஆணைக்குழு இதைச் சுட்டிக்காட்டி அறிக்கை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டின் காவல், குற்றச் சட்டம் ஒருவழியாகப் பட்டியலைத் தந்தது.

பட்டியல் சிறியது. குழல், தோட்டா அறை, சுழலும் உருளை ஆகியவை முதல் வகை. சட்டகம், அதாவது மற்றவற்றைத் தாங்கி நிற்கும் உடல், இரண்டாவது. போல்ட், பின்னடைப்புக் கட்டை போன்று, வெடிக்கும்போது தோட்டா அறையின் பின்புறத்தில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்புகள் மூன்றாவது. விசை இதில் இல்லை. தோளில் சாய்க்கும் கட்டை இல்லை. குறிகாட்டி இல்லை. தோட்டாக்களை அடுக்கும் மகசினும் இல்லை.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பெரும்பாலும் இயற்பியலே தீர்மானித்திருக்கிறது. தோட்டாவின் அடியில் தீமூட்டியான பிரைமர் பற்றியதும் வெடிமருந்து ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு நேரத்தில் வாயுவாகிறது. பரவலாகப் புழங்கும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பன்னாட்டு அளவுகோல் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 2350 பார். காரின் டயருக்குள் இருப்பதைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. தோட்டாவின் பின்பக்கத்தை அந்த அழுத்தம் தள்ளும் வலு சுமார் ஒன்றரைத் தொன் எடைக்குச் சமம். இதை ஏற்று நிற்பவை குழலும், அறையும், பின்னடைப்பும்தான். இந்த மூன்றும் சரியில்லை என்றால் துப்பாக்கி சுடுகிறவரின் முகத்திலேயே வெடிக்கும். விசையை ஒரு தச்சர்கூடச் செய்து கொடுக்கலாம். 2350 பாரைத் தாங்கும் அறையைச் செய்ய நல்ல எஃகும், துல்லியமான கடைசல் வேலையும் தேவை. செய்வதற்குக் கடினமானது எதுவோ, அதைக் கண்காணிப்பதுதான் பலன் தரும். இந்தப் பட்டியலின் அறிவு அதில்தான் இருக்கிறது.

லண்டனுக்கு இந்த அறிவு புதிதல்ல. துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. வைட்சப்பலுக்கு அருகே கொமர்ஷல் ரோட்டில் அவர்களுடைய சோதனைச் சாலை இன்றும் இயங்குகிறது. வழக்கமானதைவிடக் கூடுதலான அழுத்தம் தரும் தோட்டாவை வெடிக்கவைத்து, தாங்கியவற்றுக்கு முத்திரை குத்துகிறார்கள். அழுத்தம் தாங்கும் பாகங்களில்தான் அந்த முத்திரை விழும். செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளுக்குச் சான்று தருவதும் இவர்களும் பர்மிங்காம் சோதனைச் சாலையும்தான்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னோர் எண்ணையும் வரையறுத்தது. 1 ஜூல். குழலின் வாயிலிருந்து வெளிவரும் பொருளின் இயக்க ஆற்றல் இதற்கு மேல் போனால் அது உயிர்போக்கும் ஆயுதம். கணக்கு எளிது: நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி. விளையாட்டுத் துப்பாக்கியின் 0.2 கிராம் பிளாஸ்டிக் உருண்டை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் சரியாக 1 ஜூல். அவ்வளவு சிறிய ஆற்றலா என்று தோன்றலாம். உடலின் மிக மென்மையான இடமான கண்ணைத் துளைக்க எவ்வளவு போதும் என்ற கேள்வியிலிருந்துதான் தடயவியலாளர்கள் இந்த எல்லையை அணுகினார்கள். அத்தகைய பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் ஏர்சொஃப்ட் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் சட்டம் விலக்குத் தந்தது. தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் வரை. காற்று ரைஃபிளைப் பொறுத்தவரை, 16 ஜூல் அளவு வரை இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அதே ரைஃபிளைக் காரில் வைத்து ஸ்கொட்லாந்து எல்லையைக் கடந்தால் தேவை.

இப்போது அமெரிக்கா. அங்கும் அடிப்படைச் சட்டம் 1968இல்தான் வந்தது. ஆனால் பாகங்களில் அது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தது. சட்டகம். வரிசை எண் பொறிக்கப்படுவதும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதும் அதற்குத்தான். கூட்டாட்சிச் சட்டத்தின்படி குழல், போல்ட், விசை எல்லாம் உதிரிப் பாகங்கள், தபாலில் தருவித்துக்கொள்ளலாம். ஒரு துப்பாக்கிக்கு ஓர் எண், ஒரு பதிவு என்ற நிர்வாக வசதி இதற்குப் பின்னால் இருக்கிறது. அழுத்தம் எங்கே தங்குகிறது என்பது அந்தச் சட்டத்தின் கவலை அல்ல.

அந்த வசதிக்குக் கொடுத்த விலை பின்னால் தெரிந்தது. சுத்தியலையும் போல்டையும் சுடும் அமைப்பையும் உள்ளே வைத்திருப்பதே சட்டகம் என்று பழைய விதி சொன்னது. ஏஆர்-15 ரைஃபிளின் உடலோ மேல், கீழ் என்று இரண்டாகப் பிரியும். போல்ட் மேல் பகுதியில் இருக்கிறது. சுத்தியலும் விசையும் கீழ்ப் பகுதியில். கீழ்ப் பகுதிக்குத்தான் பல்லாண்டுகளாக எண் பொறித்து வந்தார்கள். 2019இல் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, விதியின் சொற்படி பார்த்தால் கீழ்ப் பகுதி மட்டும் சட்டகம் ஆகாதே என்று கேட்டார். நாட்டிலேயே மிகப் பரவலான ரைஃபிள் வகைகளில் ஒன்றின் எந்தத் துண்டும் சட்டப்படி துப்பாக்கி அல்ல என்ற இடத்துக்கு அந்த வாதம் போய் நின்றது.

இன்னொரு பக்கம், சில துளைகள் மட்டும் போடாமல் விட்ட சட்டகங்களைப் பெட்டியில் வைத்து விற்கும் தொழில் வளர்ந்தது. முடியாத சட்டகம் துப்பாக்கி அல்ல, ஆகவே எண்ணும் இல்லை, பதிவும் இல்லை. குற்ற இடங்களில் கிடைத்து, யாருடையது என்று கண்டறிய அமெரிக்கக் கூட்டாட்சி அரசுக்கு அனுப்பப்பட்ட எண்ணில்லாத் துப்பாக்கிகள் 2017இல் சுமார் 1,600. 2021இல் 19,000க்கு மேல். 2022இல் விதி திருத்தப்பட்டது. தொழில்துறையினர் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 26ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதியை ஏற்றது. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு அத்தகைய பெட்டியொன்றிலிருந்து 21 நிமிடத்தில் துப்பாக்கி செய்து முடித்ததை நீதிபதி நீல் கோர்சச் தீர்ப்பில் குறிப்பிட்டார். வீட்டுக் கருவிகளை அளவுகோலாக வைத்த பிரித்தானியாவின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அருகே அமெரிக்கா வந்துசேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஹீத்ரோ விமான நிலையம் இருக்கிறது. அமெரிக்க இணையக் கடையில் சாதாரணப் பொருளாக விலைபோட்ட குழலை வெம்பிளியிலிருந்து ஒருவர் வரவழைத்தால், இங்கே தரையிறங்கும் கணத்தில் அது துப்பாக்கி. அனுமதிப்பத்திரமும் இறக்குமதி உரிமமும் இல்லையென்றால் எல்லைப் படையினர் கைப்பற்றுவார்கள். வரவழைத்தவரின் கதவும் தட்டப்படும். அமெரிக்காவும் தன் பாகங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 2011 பெப்ரவரியில் அந்நாட்டு நீதித்துறை வெளியிட்ட ஒரு குற்றப்பத்திரிகையில், டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் இயங்கிய ஆயுத நிறுவனம் ஒன்றின்மீதும் மிடில்செக்ஸில் வசித்த அதன் உரிமையாளர்மீதும், பெட்டிகளுக்குப் போலி அடித்தளம் அமைத்துத் துப்பாக்கிப் பாகங்களை உரிமமின்றி அனுப்பியதாகக் குற்றச்சாட்டு இருந்தது. உள்நாட்டில் கட்டுப்பாடு இல்லாத பாகங்களுக்கும் எல்லையில் கட்டுப்பாடு உண்டு என்பது இதில் தெரிகிறது.

இந்தியா மூன்றாவது வழியை எடுத்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எந்தப் பட்டியலும் போடவில்லை. துப்பாக்கியின் பாகங்கள் எல்லாமே துப்பாக்கி. அதைச் செய்வதற்கான இயந்திரமும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்தான் வருகிறது. இது மிக அகலமான வலை. மலைக்கிராமங்களில் பொலிஸார் நாட்டுத் துப்பாக்கிகளைத் தேடிப்போகும்போது, செய்துகொண்டிருந்த இடமும் கருவிகளும் ஏன் சேர்ந்தே பறிமுதலாகின்றன என்பதற்கு விளக்கம் இந்தச் சொற்களில் இருக்கிறது. வலை அகலமாக இருந்தால் சிறிய மீனும் மாட்டும். ஒரு சுருள்வில்லுக்கும் ஒரு குழலுக்கும் வேறுபாடு காட்டாத சட்டத்தில், எதைக் கடுமையாகப் பார்ப்பது என்பது அதிகாரியின் கையில் போய்விடுகிறது. அந்த வகையில், எது ஆபத்து என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் பிரித்தானியப் பட்டியல் குடிமக்களுக்கும் நியாயமானது, பொலிஸாருக்கும் தெளிவானது.

ஆனால் பட்டியல் தெளிவாக இருப்பதால் தண்டனை இலகுவாகிவிடவில்லை. துப்பாக்கியை வைத்திருக்கும் குற்றத்தில், தெரியாமல் வைத்திருந்தேன் என்பது பொதுவாக எடுபடாது. 1977இல் ஒருவர் தன் ரிவால்வரைப் பழங்காலத்தது என்று உண்மையாகவே நம்பி வைத்திருந்தார். அது பிற்காலத்து நகல். நம்பிக்கை நேர்மையானதாக இருந்தாலும் குற்றம் குற்றமே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெம்பிளியின் தெருக்களில் பெரும்பாலானவை இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் எழுந்தவை. போரிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில் ஒளித்து வைத்ததைப் பற்றி, அந்த வீட்டை இன்று வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. பரணில் துருவேறிய சட்டகம் மட்டும் கிடைத்தாலும், இன்னும் பயன்படக்கூடிய நிலையில் இருந்தால் அது துப்பாக்கிதான். அதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் பொலிஸ் நிலையத்துக்குப் போகக்கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 101 எண்ணை அழைத்துக் கேட்பதுதான் சரி.

பழம்பொருள் என்ற விலக்கு வேறொரு பெரிய ஓட்டையாகவும் இருந்தது. பயன்பாட்டிலிருந்து போய்விட்ட அளவுத் தோட்டாக்களுக்கான பழைய துப்பாக்கிகளை அலங்காரப் பொருளாக வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டாம். கடையில் தோட்டா கிடைக்காதபோது துப்பாக்கியால் என்ன பயன் என்பதே அதன் தர்க்கம். க்ளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஒரு துப்பாக்கி வியாபாரி அந்தத் தோட்டாக்களைத் தானே செய்து, பழைய ரிவால்வர்களோடு குற்றக் கும்பல்களிடம் சேர்ப்பித்தார். அவர் கைப்பட்ட பொருட்களின் தடயம் நூற்றுக்கு மேற்பட்ட குற்ற இடங்களில் கிடைத்தது. 2017இல் அவருக்கு 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 மார்ச் 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், முன்பு விலக்குப் பெற்றிருந்த ஏழு தோட்டா அளவுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் எழுத்தில் வந்தது.

பாகத்தைப் பிடித்துவைத்தால் துப்பாக்கியைப் பிடித்துவைத்தது ஆகும் என்ற எண்ணத்தை இப்போது அசைத்துப் பார்ப்பது முப்பரிமாண அச்சு இயந்திரம். 2013 மே மாதம் அமெரிக்காவில் லிபரேட்டர் என்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி அச்சிட்டுச் சுடப்பட்டது. அதே ஆண்டு லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதை வடிவமைப்பு வரலாற்றின் சான்றாகத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 2019இல் லண்டன் மாணவர் ஒருவர், அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி செய்ததற்காக இந்நாட்டில் தண்டனை பெற்ற முதல் ஆளானார். 2022 அக்டோபரில் லண்டன் வீடொன்றில், அச்சிட்ட துப்பாக்கிப் பாகங்களின் மிகப் பெரிய கைப்பற்றல்களில் ஒன்றை மெற்றோபொலிட்டன் பொலிஸார் அறிவித்தார்கள். ஐரோப்பியச் சட்டங்கள் பெயர் சொல்லும் பாகங்களைக் கடையில் வாங்காமலே முடிக்கும்படி திட்டமிட்ட வடிவங்கள்கூட இணையத்தில் உலவுகின்றன. சட்டம் எதைப் பட்டியலிட்டிருக்கிறதோ அதைப் படித்துவிட்டு வரைந்தவை அவை.

அச்சிட்ட சட்டகமும் சட்டப்படி சட்டகமே. அதில் பிரித்தானியச் சட்டத்துக்குத் தடுமாற்றம் இல்லை. அச்சிடுவதற்கு முன்னால் கணினியில் இருக்கும் கோப்புத்தான் பிரச்சினை. அதற்கு எடையில்லை, அழுத்தம் தாங்காது, முத்திரை குத்தவும் முடியாது. 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட குற்றம், காவல் மசோதா, கடுங்குற்றத்துக்குப் பயன்படும் பொருட்களின் வரிசையில் துப்பாக்கிப் பாகங்களுக்கான அச்சு வார்ப்புருக்களையும் சேர்த்தது. வடிவத்தை வைத்திருப்பதே குற்றம் ஆகலாம் என்றால், ஆராய்ச்சியாளர், பத்திரிகையாளர், அருங்காட்சியகத்தார் ஆகியோரின் நிலையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் கடமை சட்டத்துக்கு உண்டு. நோக்கத்தைப் பார்க்காமல் கோப்பை மட்டும் பார்க்கும் சட்டம் கல்வியையும் சேர்த்தே முடக்கிவிடும்.

அச்சு இயந்திரத்தால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. பிரைமர். ஊசி பட்டதும் தீப்பற்றும் அந்தச் சிறு வேதிக் கிண்ணம் இல்லாமல் நவீனத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வெடிக்காது. 2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், அதை வாங்குகிறவர் தன் உரிமையைக் காட்ட வேண்டும் என்று ஆக்கியது. 2023ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. வெற்றுக் கோது, குண்டு, வெடிமருந்து, பிரைமர் ஆகியவற்றை, உரிமமில்லாத தோட்டா செய்யும் எண்ணத்தோடு வைத்திருப்பதே இப்போது குற்றம். ஈயக் குண்டு ஒன்றைத் தனியாக மேசைமேல் வைத்திருப்பவர் எதுவும் செய்துவிடவில்லை. அதன் அருகே கோதும், மருந்தும், அவற்றைச் சேர்க்கும் கருவியும் இருந்தால், என்ன செய்யப்போகிறார் என்பதைக் காட்டும் பொறுப்பு அரசுத் தரப்பு வழக்கறிஞருடையது.